ஊரணியைத் தூர்வார யார் யார் கணக்கில் சேர்த்தி? சிங்கப்பூரில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

ஊரணிக்கரை ஆச்சி கேட்டது:

எனக்கு வயது 67. காரைக்குடிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். பெயர் எழுதவில்லை; எழுதினால் நாளைக் காலையில் காபிக்கு முன்னால் நாலு பேர் முகப்பில் வந்து நிற்பார்கள்.

போன ஆண்டு மகனுடன் மூன்று மாதம் சிங்கப்பூரில் இருந்தேன். அங் மோ கியோவில், ஒன்பதாவது மாடி. எங்கள் ஐயா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போய், மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில், அதாவது செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கூடத்தில், அடுத்தாளாக (உதவியாளாக) இருந்தவர். அவர் சொன்ன சிங்கப்பூரில் ஆற்று நாற்றம் இருந்தது, தோங்காங் என்கிற சரக்குப் படகு இருந்தது, சாக்கு மூட்டையும் கொசுவும் இருந்தன. நான் பார்த்தது வேறு ஊர். சுத்தம், சுத்தம் என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி அது அலுத்துப்போன பேச்சு, அதைக் கேட்க வரவில்லை.

காலையில் பிஷான் பூங்காவுக்கு நடக்கப் போவேன். நடுவில் காலாங் ஆறு ஓடுகிறது. மழை இல்லாத நாளில், ஊரணிக்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் நம் ஊர் வரத்துக்கால் மாதிரித்தான், கல் மேல் கால் வைத்துச் சின்னப் பிள்ளைகள் அக்கரைக்குப் போய்விடும். பெருமழை வந்தால் சைரன் ஊதி, விளக்கு எரிந்து, புல்வெளி முழுக்க ஆறாகிவிடுமாம். 2012-க்கு முன்னால் அது நேராக வெட்டிய சிமெண்டுக் கால்வாய், 2.7 கிலோமீட்டர் நீளம். அதை உடைத்து, வளைந்து போக விட்டு, 3.2 கிலோமீட்டர் ஆறாக ஆக்கியிருக்கிறார்கள் என்று மகன் சொன்னான். நான் அந்தக் கரையில் உட்கார்ந்து எங்கள் ஊரணியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சில வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு திட்டத்தில் அதற்குச் சுற்றுச்சுவர் வந்தது. நல்ல சுவர், குறை சொல்ல முடியாது. வரத்துக்கால் வாயையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். இப்போது மழைத்தண்ணீர் சுவருக்கு வெளியே நிற்கிறது, உள்ளே சீமைக் கருவேலம் நிற்கிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். எங்கள் தெருவில் 46 வீடு. 29 வீடு பூட்டியிருக்கிறது. சென்னை, பெங்களூர், சிங்கப்பூர், அமெரிக்கா. கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் வந்து திறப்பார்கள். ஆள் இருக்கும் 17 வீட்டில் 9 வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள்: ஒரு மளிகைக் கடைக்காரர் குடும்பம், ஒரு டீச்சர், ஆத்தங்குடிக் கல் பதிக்கிறவர்கள் இரண்டு குடும்பம், இப்படி. ஊரணி நிரம்பினால் தெருக் கிணறெல்லாம் ஊறும். நிரம்பாவிட்டால் எவ்வளவு ஆழம் போர் போட்டாலும் உப்புத்தான்.

தூர்வாரிச் சுவரை உடைத்து வரத்துக்காலைத் திறக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. செலவைப் பிரிப்பதில் நின்றுவிட்டது. கோயில் வரி மாதிரிப் புள்ளிக் கணக்குப்படி பிரிக்கலாம் என்றார் ஒருவர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் நகரத்தாரில் கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. எங்கள் வீட்டில் இவர் போன பிறகு ஊர்க் கணக்கில் நான் அரைப்புள்ளி. அப்படியானால் இத்தனை வருஷம் அரைக் குடமா எடுத்தேன் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. பூட்டிய வீட்டுக்காரர்கள், நாங்கள் அந்தத் தண்ணீரைத் தொடுவதே இல்லையே என்கிறார்கள். வாடகைக்காரர்கள், நாங்கள் புள்ளியிலேயே இல்லையே என்கிறார்கள். அலுவலகத்தில் போய்க் கேட்டால், மக்கள் பங்கைக் கட்டிவிட்டு வாருங்கள், மீதியைப் பார்க்கலாம் என்கிறார்கள்.

மகன் மாதாமாதம் புளோக்குக்கு, அதாவது அவன் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு, ஏதோ கட்டணம் கட்டுகிறான். லிஃப்ட் நின்றால் அரை மணியில் ஆள் வருகிறது. யார் முடிவு செய்கிறார்கள்? யார் கொடுக்கிறார்கள்? கொடுக்காதவனை என்ன செய்கிறார்கள்? வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவனை என்ன செய்கிறார்கள்? எல்லாம் அபராதப் பயம்தான் என்கிறாள் மருமகள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயந்துகொண்டு யாராவது வாசலில் ரோஜாத் தொட்டி வைப்பார்களா?

* * *

கோட்டையூரான் எழுதியது:

ஆச்சி, வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கோட்டையூர், 24 வருஷமாகத் தோ பாயோவில் இருக்கிறேன். உங்கள் மருமகள் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்கிறேன், நீளமாகப் போகும்.

முதலில் வீடு. இங்கே குடியிருப்பவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு எண்பது பேர் இருப்பது கழக வீட்டில், அதாவது 1960-இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீட்டில். சொந்த வீடு என்று சொன்னாலும் 99 வருஷக் குத்தகைதான். வாங்கியவர் குறைந்தது ஐந்து வருஷமாவது அதில் குடியிருக்க வேண்டும், அதற்கு முன் முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியாது. உங்கள் தெருவில் தொங்கும் 29 பூட்டு இங்கே தொங்க வழியில்லை. இதை முதலில் சொன்னதற்குக் காரணம், மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறது, அந்த ஆள் பத்து வருஷம் கழித்தும் அங்கேதான் இருப்பார். அதனால்தான் ரோஜாத் தொட்டி.

உங்கள் மகன் கட்டுவது நகர மன்றத்துக்கு. 1988-இல் சட்டம் வந்தது. அதற்கு முன்னால் விளக்கு எரியாவிட்டாலும் கழகத்திடம்தான் போக வேண்டும். இப்போது அந்தந்தப் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்தான் நகர மன்றத்தை நடத்துகிறார். எதிர்க்கட்சி ஜெயித்த தொகுதியில் எதிர்க்கட்சி நடத்துகிறது. கூட்டுகிற ஆளுக்குச் சம்பளம், லிஃப்ட், விளக்கு எல்லாம் அந்தப் பணத்தில். ஒரு பகுதியை எடுத்துத் தனி நிதியில் போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். சில வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளையடிப்பதும் லிஃப்ட் மாற்றுவதும் அதிலிருந்துதான். நம் ஊரில் திட்டம் வரும்போது சுவர் வரும், அப்புறம் அந்தச் சுவரைப் பார்க்க ஆள் வராது. இங்கே கட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்வதற்குப் பணம் எடுத்து வைத்தாகிவிட்டது. கட்டாதவருக்குக் கடிதம் வரும், அப்புறம் அபராதம், அப்புறம் நீதிமன்றம். கஷ்டத்தில் இருப்பவர் தவணை கேட்கலாம். உறுப்பினரே வாரம் ஒரு இரவு தொகுதி மக்களைச் சந்திப்பார், வரிசையில் உட்கார்ந்து சொல்லிவிட்டு வரலாம். சில இடங்களில் அது புளோக்கின் கீழ்த்தளத்திலேயே நடக்கும்.

கீழ்த்தளத்தைப் பார்த்திருப்பீர்கள், வீடே கட்டாமல் காலியாக விட்டிருப்பார்கள். மொத்தப் புளோக்குக்கும் ஒரே திண்ணை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் மலாய்க்காரர் கல்யாணம், அடுத்த வாரம் சீனர் வீட்டுத் துக்கம், இரண்டுக்கும் நகர மன்றத்தில் அனுமதி வாங்க வேண்டும். முதல் வருஷம் துக்க வீட்டு மேளச் சத்தம் கேட்டு என் மனைவி சன்னலை அடைத்தாள். இப்போது யார் போனார் என்று விசாரித்து, உறையில் பணம் வைத்துக் கொடுத்துவிட்டு வருகிறாள்.

இனி உங்கள் புள்ளி விஷயம். எங்கள் புளோக் பழையது. கூரை சிமெண்டு உதிர்ந்து கம்பி தெரிந்தது, கழிவறைக் குழாய் துருப்பிடித்துவிட்டது. இதற்கென்று 2007-இல் ஒரு வீட்டு மேம்பாட்டுத் திட்டம் கொண்டுவந்தார்கள். அரசு தானாக வந்து செய்துவிடாது. புளோக்கில் ஓட்டெடுப்பு நடக்கும், தகுதியுள்ள குடிமக்கள் வீடுகளில் 75 விழுக்காடு சரி என்றால்தான் வேலை தொடங்கும். குழாய், சிமெண்டு மாதிரி அத்தியாவசிய வேலை குடிமக்களுக்கு இலவசம். கதவு, கழிவறை மாற்றுவது அவரவர் விருப்பம். அதற்கும் வீட்டின் அளவைப் பொறுத்து 5 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காடு வரை கொடுத்தால் போதும்.

ஏன் 75 என்று பாருங்கள். கழிவுக் குழாய் மேல்மாடியிலிருந்து கீழ்வரை ஒரே குழாய். நடுவில் ஒரு வீட்டுக்காரர் எனக்கு வேண்டாம் என்றால் அவர் வீட்டில் மட்டும் பழைய குழாய் நிற்க முடியாது. அதனால் முக்கால்வாசிப் பேர் சரி என்றுவிட்டால் அத்தியாவசிய வேலை எல்லார் வீட்டிலும் நடக்கும், வேண்டாம் என்றவர் வீட்டிலும். உங்கள் வரத்துக்காலும் அப்படித்தானே? எல்லார் வாசலையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது. ஒருவர் வாசலில் அடைபட்டால் மேலே இருப்பவருக்கு வெள்ளம், கீழே இருப்பவருக்கு வறட்சி.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு சீனப் பெரியவர், தனியாள். பத்து நாள் தூசி, இடிக்கிற சத்தம், தன் கழிவறையை விட்டு வெளியே வைத்த கழிவறைக்குப் போக வேண்டும் என்று அவருக்குக் கோபம். வசிப்போர் குழுக்காரர்கள் மூன்று தடவை வந்து பேசினார்கள். மூன்றாவது தடவை ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார்கள். பழத்தை வாங்கிக்கொண்டு வேண்டாம் என்றார்.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது நான் நிரந்தரவாசி, குடிமகன் இல்லை. என் வீட்டுக்கு ஓட்டு இல்லை, குடிமக்களுக்குக் கிடைத்த சலுகையும் இல்லை. தூசி மட்டும் சமமாக வந்தது. அரைப்புள்ளி என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

எல்லாமே ஓட்டெடுத்துச் செய்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் ஐயா மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்த அந்த ஆற்றை 1977-இல் தொடங்கிப் பத்து வருஷத்தில் சுத்தம் செய்தார்கள். கரையோரக் குடிசைகளை, பன்றிப் பண்ணைகளை, தெருவோரச் சாப்பாட்டுக் கடைகளை எடுத்தார்கள். 1983-இல் தோங்காங் படகுகளைப் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். அவர்களிடம் யாரும் 75 விழுக்காடு கேட்கவில்லை. கிட்டங்கிகள் இருந்த இடத்தில் இப்போது வங்கிக் கோபுரங்கள். டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் மட்டும், 1859-இல் எழுப்பியது, அதே இடத்தில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் வரும்போது போலீஸ் தெருவை ஒதுக்கித் தருகிறது. 1997 தேர்தலில், ஆளுங்கட்சிக்கு ஆதரவு தரும் இடத்துக்கே புளோக் மேம்பாட்டில் முன்னுரிமை என்று வெளிப்படையாகவே பேசினார்கள். ஆக, இங்கேயும் திட்டம் வானத்திலிருந்து விழவில்லை.

அபராதத்துக்கு வருகிறேன். உணவங்காடியில் சாப்பிட்ட தட்டை அவரவரே எடுத்து வைக்க வேண்டும் என்று பல வருஷம் கெஞ்சினார்கள், போஸ்டர் ஒட்டினார்கள். நாங்கள் யாரும் அசையவில்லை, நான் உட்பட. 2021 செப்டம்பர் 1 முதல் எச்சரிக்கை, இரண்டாம் தடவை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் என்றதும் எல்லாரும் எடுத்து வைத்தோம். இதில் மருமகள் சொன்னதுதான் சரி. ஆனால் தட்டை வைக்கும் இடத்தைப் பத்தடி தூரத்தில் அமைத்துவிட்டுத்தான் அபராதம் போட்டார்கள், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குப்பைத் தொட்டியே இல்லாத தெருவில் குப்பை போடாதே என்று பலகை மட்டும் வைப்பது நம் வழக்கம்.

* * *

சும்மா பார்வையாளன் எழுதியது:

எத்தனை தடவை இந்தச் சிங்கப்பூர் புராணம்? அது ஒரு துறைமுகம், ஒரு ஊர், ஒரே அரசு. ஊராட்சி, ஒன்றியம், மாவட்டம், மாநிலம், மத்தி என்று அங்கே ஐந்து படி கிடையாது. கப்பல் கொண்டுவரும் காசு இருக்கிறது. நம் ஊரணியில் கப்பலா ஓடுகிறது? ஆச்சி, நான் சொல்வதைக் கேளுங்கள், யாராவது ஒரு பணக்காரரைப் பிடித்து முழுச் செலவையும் கொடுக்கச் சொல்லி, பேர் எழுதிக் கல் வைத்துவிடுங்கள். நம் பக்கம் அப்படித்தான் எல்லாம் நடந்திருக்கிறது.

* * *

காளையார்கோவில்காரன் எழுதியது:

ஆச்சி, நான் உங்களுக்குப் பிள்ளை வயசு. 2012-லிருந்து 2021 வரை அங்கே வேலை பார்த்தேன். கப்பல் பட்டறைக்கு என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள், முதல் இரண்டு வருஷம் அதுதான். அப்புறம் புளோக் துப்புரவு கான்ட்ராக்டில் மாற்றிவிட்டார்கள். கான்ட்ராக்டர் பெயர் வேண்டாம்.

அண்ணன் நகர மன்றம், ஓட்டு எல்லாம் அழகாகச் சொன்னார். அந்தக் கட்டணத்தில் கூட்டுகிற ஆளுக்குச் சம்பளம் என்று ஒரு வார்த்தையில் போய்விட்டார். அந்த ஆள் நான்.

காலை ஐந்தரைக்கு லாரியின் பின்னால் உட்கார்ந்து வருவோம். ஒவ்வொரு புளோக்கிலும் மாடியிலிருந்து குப்பை விழும் குழாய் உண்டு, அடியில் ஒரு அறை, அதில் தொட்டி. கதவைத் திறக்கும்போதே தெரியும் நேற்று யார் வீட்டில் மீன், யார் வீட்டில் டுரியான் என்று. தொட்டியை இழுத்து வெளியே வைத்துவிட்டு, தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு, அப்புறம் கீழ்த்தளம், அப்புறம் படிக்கட்டு. மாடியிலிருந்து கண்ணாடிப் பாட்டில் வீசுகிறவனும் அந்த ஊரில் உண்டு. கேமரா வைத்துப் பிடிக்கிறார்கள் என்பது உண்மை. பிடிபடும் வரைக்கும் கீழே நிற்பவன் தலை யாருடையது?

நல்லதும் சொல்ல வேண்டும். ஆறாம் மாடியில் ஒரு மலாய்ப் பாட்டி, தினமும் ஒன்பது மணிக்கு ஒரு பாட்டில் குளிர்ந்த தண்ணீர் எனக்காகப் படியில் வைத்திருக்கும். பேர் தெரியாது. பாட்டிலில் பேனாவால் என் பேரை எழுதி வைத்திருக்கும், தப்புத் தப்பாக. கொசு மருந்துக்காரர்கள் வீடு வீடாக வரும்போது, துணி காயப்போடும் கழியைச் செருகும் குழாய்க்குள் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தப் பாட்டி அதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு எட்டிப் பார்க்கச் சொல்லும், அதற்குக் கண் தெரியாது.

2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக ஊரை மூடினார்கள். ஜூனில் புளோக்கில் இருந்தவர்கள் மெதுவாக வெளியே வந்தார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியில் இருந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் நானும் ஒருவன், எங்களுக்கு அதற்குப் பின்னும் பல மாதம் வெளியே போக அனுமதி இல்லை. ஒரு அறையில் பன்னிரண்டு பேர். சாப்பாடு வந்தது, சம்பளம் வந்தது, டாக்டர் வந்தார், பொய் சொல்லக் கூடாது. ஆனால் தினமும் செய்தியில் நோய் எண்ணிக்கையை இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள்: விடுதியில் இத்தனை, சமூகத்தில் இத்தனை. நாங்கள் சமூகத்தில் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதுவரைக்கும் நான் கழுவிய பதினோரு புளோக்கும் என்னுடையது என்று ஒரு நினைப்பு இருந்தது.

அதனால் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஊரணியில் இறங்கி மண் அள்ளப் போவது யார்? அந்தக் கல் பதிக்கிற இரண்டு குடும்பத்தையும்தான் கூப்பிடுவீர்கள். கூப்பிடும்போது கூலி கொடுத்துவிட்டுக் கணக்கிலிருந்து விட்டுவிடாதீர்கள். பார்வையாளன் சொன்ன மாதிரிப் பேர் எழுதிய கல் வைத்தால் அதில் அவர்கள் பேர் வராது.

* * *

ரஸ்தாக்காரன் எழுதியது:

தேவகோட்டை ரஸ்தாவில் இருக்கிறேன், ஊராட்சி வேலைகளில் கொஞ்சம் அலைந்த அனுபவம் உண்டு. ஆச்சி, சிங்கப்பூரை விடுங்கள், நம் சட்டத்திலேயே உங்கள் சண்டைக்குப் பதில் இருக்கிறது.

கிராம சபையில் யார் உறுப்பினர்? அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள எல்லாரும். புள்ளி இல்லை, தம்பதி இல்லை, வீட்டுக்குச் சொந்தக்காரரா என்ற கேள்வியே இல்லை. மளிகைக் கடைக்காரர், டீச்சர், கல் பதிக்கிறவர்கள் எல்லாரும் இங்கே ஓட்டு வைத்திருந்தால் முழு ஆள். நீங்களும் முழு ஆள். பூட்டிய வீட்டுக்காரர் சென்னையில் ஓட்டு வைத்திருந்தால் கிராம சபையில் அவருக்குக் கை தூக்க உரிமை கிடையாது. கேட்டால் கோபப்படுவார், ஆனால் அதுதான் சட்டம்.

2022 முதல் வருஷத்துக்கு ஆறு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், ஊரணி பேச அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. ஆள் வரவில்லை என்றால் கூட்டம் செல்லாது. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வர வேண்டும். உங்கள் தெரு மட்டும் போனால் காணாது, கீழத்தெருவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் கிணறும் அதே ஊரணியில்தானே ஊறுகிறது?

போவதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், ஊர் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் ஊரணி எந்த எண்ணில், என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். நிலத்தை அளந்து வரைந்த புலப்படத்தில் வரத்துக்கால் எங்கே போகிறது என்று நகல் வாங்கிக்கொள்ளுங்கள். இது இல்லாமல் சுவரை உடை என்றால் யாரும் உடைக்க மாட்டார்கள். வரத்துக்கால் பதிவில் இருந்தால், அதை அடைத்துச் சுவர் கட்டியது தப்பு என்று வாதாடவே வேண்டாம், படத்தை மேசையில் விரித்தால் போதும்.

பணத்துக்கு: நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். ஏரி, கண்மாய்களை ஊர்க்காரர்களே சேர்ந்து பராமரிக்கும் குடிமராமத்தை 2017-இல் மறுபடி தொடங்கியபோதும் பாசனக்காரர்கள் 10 விழுக்காடு போட வேண்டும் என்று வைத்தார்கள், காசாகவோ உழைப்பாகவோ. இந்த உழைப்புப் பங்கு என்பது பழைய வழக்கம். மண்வெட்டியோடு வருகிறவரும் பங்கு கொடுத்தவர்தான். காளையார்கோவில் தம்பி கேட்டதற்கு இது பதிலாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பூட்டிய வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியது அனுமதி இல்லை, பணம். இரண்டையும் குழப்பியதால்தான் உங்கள் கூட்டம் நின்றுவிட்டது.

* * *

ஊரணிக்கரை ஆச்சி எழுதியது:

தம்பிகளா, எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். டீச்சரைக் கூப்பிட்டுச் சத்தமாகவும் படிக்கச் சொன்னேன். அரைப்புள்ளி வந்த இடத்தில் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உங்கள் கை எழுத்துதானே ஆச்சி இது என்று கேட்டாள். மாட்டிக்கொண்டேன்.

பார்வையாளன் தம்பிக்கு: கல் வைத்த பணக்காரர்களால்தான் இந்த ஊரணியே வந்தது, மறுக்கவில்லை. அவர்களுடைய பேரன்கள்தான் இப்போது அந்த 29 பூட்டு.

காளையார்கோவில் தம்பி, உன் எழுத்தைப் படித்துவிட்டு மகனுக்குப் போன் போட்டேன். உன் புளோக்கில் கூட்டுகிற பையன் பேர் என்ன என்று கேட்டேன். அம்மா, ராத்திரி பத்தரை மணிக்கு இதுவா என்றான். மூன்று மாதம் அங்கே இருந்தேனே, எனக்கும் தெரியவில்லை. தினமும் குட்மார்னிங் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

நேற்று டீச்சரும் நானும் கிராம நிர்வாக அலுவலரிடம் போய்விட்டு வந்தோம். புலப்படத்தில் வரத்துக்கால் இருக்கிறது, கோடு போட்டு, அகலம் எழுதி. அது எங்கள் வீட்டுப் பின்கட்டுச் சுவரை உரசிக்கொண்டு போகிறது. உரசவில்லை, ஒரு முழம் உள்ளேயே வந்திருக்கிறது. இவர் காலத்தில் மாட்டுக்கொட்டகையை நீட்டிக் கட்டினோம், அப்போது யாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆகையால் முதலில் உடைய வேண்டியது அந்தச் சுற்றுச்சுவர் இல்லை. கொத்தனாருக்குச் சொல்லிவிட்டேன்.

வாடகைக்காரர்கள் பேரையும் சேர்த்து நோட்டில் புதுசாக எழுதியிருக்கிறோம், ஒரு ஆளுக்கு ஒரு வரி. மண்வெட்டி என்று ஒரு பத்தி, பணம் என்று ஒரு பத்தி. பூட்டிய வீட்டுக்காரர்களுக்கு வாட்ஸாப்பில் படத்தைப் போட்டாயிற்று. இதுவரை நாலு பேர் கைகூப்பிய பொம்மை அனுப்பியிருக்கிறார்கள், ஒருவர் பணம் அனுப்பியிருக்கிறார்.

கோட்டையூர்த் தம்பி, ஒரு சந்தேகம். அந்தச் சீனப் பெரியவர் கடைசியில் சரி என்றாரா?

* * *

கோட்டையூரான் எழுதியது:

இல்லை ஆச்சி. கடைசி வரைக்கும் வேண்டாம் என்றுதான் போட்டார். 75 தாண்டிவிட்டது. அவர் வீட்டில் வேலை நடந்த பத்து நாளும் பகலில் எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தார், காபியில் சீனி போதாது என்று சொல்லிக்கொண்டு.